விடியற்காலைத் தளிகை

புரட்டாசி பிறந்துவிட்டால் ஆவாரங்குப்பம் ஹைஸ்கூலில் முட்டைக்குக் கால் முளைத்துவிடும். மத்தியானச் சாப்பாட்டில் எந்தத் தட்டில் வைத்தார்களோ அந்தத் தட்டில் அது நிற்காது. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதம் பூராவும் கவுச்சி தொடமாட்டார்கள். அதனால் அவர்கள் முட்டையெல்லாம் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு நடந்துபோகும். தீபாவளி கழிந்ததும் தெலுங்குக்காரர்களின் கார்த்தீக மாசம் பிறக்கும். அப்போது அவர்கள் தொடமாட்டார்கள், முட்டை போன வழியே திரும்பி வரும். பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த ஆந்திர எல்லை ஊரில் இது யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

பெண்கள் கபடி டீமில் வெங்கடம்மா ஒருத்திதான் தெலுங்குக்காரி, மற்ற ஆறு பேரும் தமிழ். அப்படியானால் புரட்டாசியில் வெங்கடம்மாவின் தட்டு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் அவளே தின்றாள் என்று சொன்னால் அது அநியாயம். பாதியைத் தம்பி தங்கைக்கு மடித்து எடுத்துப் போவாள். மீதிப் பாதியிலேயே அவள் கோட்டில் வந்து நின்றால் தூண் நட்ட மாதிரி இருக்கும்.

தேன்மொழிக்குத்தான் அந்த நிற்பு வாய்க்கவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள். ரெய்டு போனால் டீமில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீளமான கால், கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவதை எதிராளி பார்ப்பதற்குள் இந்தப் பக்கம் வந்து நின்றிருப்பாள். எல்லாம் சரி, போன வருஷம் திருப்பதியில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்திலேயே, ரெய்டு போன இடத்தில், எவளும் தொடாமலே தொப்பென்று விழுந்தாள். கண்ணைத் திறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். டீம் தோற்றுப்போயிருந்தது. ஊருக்குத் திரும்பிய மறுநாளே பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அவள் நடந்து வந்தால், "டேய், மயக்கம் வருதுடா, வழி விடுங்கடா" என்பார்கள். பொல்லாத பயல்கள். அவளும் சிரித்துக்கொண்டே போவாள், வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுவாள்.

அதனால் இந்த வருஷம் புரட்டாசி முதல் தேதி அன்று காலண்டரில் இருந்த பெருமாள் படத்தின் முன்னால் போய் நின்று அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள். "கடைசி விசில் ஊதற வரைக்கும் நான் மயங்கி விழக் கூடாது. அதுக்காக உனக்குப் புரட்டாசி சனிக்கிழமை எல்லாம் ஒருபொழுது கீறேன்." ஒருபொழுது என்றால் பகலெல்லாம் பட்டினி, சாயங்காலம் பெருமாளுக்குச் சோறு படைத்துத் தளிகை போட்ட பிறகு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. மயங்கி விழாமல் இருப்பதற்காகப் பட்டினி கிடக்கிற புத்திசாலியை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? பெருமாளே படத்துக்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மற்ற நாளிலும் அவள் ஒழுங்காகத் தின்றாள் என்று இல்லை. அம்மா ரத்னம்மாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. இருட்டோடு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் அடுப்பை மூட்டி, இட்லி ஊற்றி, டீ போட்டு ஃபிளாஸ்க்கில் நிறைத்துவிட்டு ஓடுவாள். அப்பா வெங்கடசாமி அதற்கும் முன்னால் கடலைக் கொல்லைக்குப் போயிருப்பார். "ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ மே" என்று ரத்னம்மா வாசலில் இருந்து கத்துவாள். "பசிக்கலம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். தினமும் இதே பாட்டு. இட்லி அப்படியே ஆறும், டீ மட்டும் காலியாகும்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்காத வயிறு. இரண்டு ரெய்டு போனாள். மூன்றாவதுக்குக் கோட்டைத் தாண்டினபோது கிரவுண்டு ஓரத்துப் புங்கமரம் மெதுவாகச் சாய்கிற மாதிரி இருந்தது. மரம் சாயவில்லை, சாய்ந்தவள் அவள்தான். வெங்கடம்மா பாய்ந்து பிடித்ததால் தலை தப்பியது.

வராந்தாவிலிருந்து இதைப் பார்த்துவிட்டார் ஹெட்மாஸ்டர் கோவர்த்தனன். மனுஷர் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். போன வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர். விளையாட்டு டீச்சர் கல்பனா மேடத்தைக் கூப்பிட்டு, இந்த வருஷம் டீம் வேண்டாம், பேரைத் திருப்பி எடுத்துவிடலாம் என்றார். கல்பனா மேடம் நகரியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். மழையானாலும் வெயிலானாலும் நிற்காத ஆள், பேச்சிலும் நிற்கமாட்டார். முதலில் ரத்தம் பார்ப்போம், டாக்டர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்போம் என்று வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தார்.

திங்கட்கிழமை நர்ஸ் சிவசங்கரி வந்து ஏழு பேருக்கும் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். வெங்கடம்மாவுக்கு ரத்தம் ஜம்மென்று இருந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கம்மி, தேன்மொழிக்கு எல்லாரையும்விடக் கம்மி. ஸ்கூலில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் போடுகிறாயா இல்லையா என்று சிவசங்கரி அதட்டினார். போடுகிறேன் மேடம், வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் டீயோடு போட்டுக்கொள்கிறேன் என்று தேன்மொழி பெருமையாகச் சொன்னாள். சிவசங்கரி நெற்றியில் அடித்துக்கொண்டார். டீயோடு போட்டால் அந்த மாத்திரை உடம்பில் ஒட்டாதாம், சோறு தின்ற பிறகு போட வேண்டுமாம், கூட ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இன்னும் நல்லதாம். "இத்தனை நாளா மாத்திரைய நீ துன்னல, உன் டீ துன்னுச்சி" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா தேன்மொழியைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொன்னார். ரத்தம் ஊறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அது ஒரு வாரத்தில் நடக்கிற காரியமில்லை. ஆனால் தினமும் காலையில் சாப்பிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் விளையாடலாம், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம். வெறும் வயிற்றோடு மட்டும் கிரவுண்டில் கால் வைக்கக் கூடாது. தேன்மொழிக்கு உயிர் வந்தது.

அந்த உயிரை ஹெட்மாஸ்டர் பாதி பிடுங்கிக்கொண்டார். போட்டிக்கு வேன் கிளம்புகிற காலையில் ஒவ்வொருத்தியையும் நிற்கவைத்துக் கேட்பேன், எவள் வெறும் வயிறோ அவள் வேனில் ஏறக் கூடாது, அதிலும் ஒருத்தி பொய் சொன்னது தெரிந்தால் மொத்த டீமும் இறங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? தப்பு தேதியில் இருந்தது. போட்டி புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

அன்றைக்கு பிராக்டிஸில் எவள் முகத்திலும் ஈயாடவில்லை. கல்பனா மேடம் விசிலைப் பையில் போட்டுவிட்டு எல்லாரையும் புங்கமரத்தடியில் உட்காரவைத்தார். என்ன விஷயம் என்று கேட்டார். கடைசியில் தேன்மொழிதான் எழுந்தாள். சனிக்கிழமை நான் ஒருபொழுது மேடம், வேண்டிக்கொண்டிருக்கிறேன், சாமிக்குச் சொன்னதை மாற்ற முடியாது, என்னை விட்டுவிட்டு மற்றவர்கள் போகட்டும் என்றாள்.

கேப்டன் மோகனப்ரியா தரையில் இருந்த புல்லைப் பிய்த்துக்கொண்டே, "மேடம், நானும்தான்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், தானும் என்றாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவளும். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஆறு பேரும் டீம் ஜெயிக்க வேண்டும் என்று பெருமாளிடம் பட்டினியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! வெங்கடம்மா ஒருத்திதான் திருதிருவென்று முழித்தாள். நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லையே, அது தப்பா மேடம் என்று கேட்டாள்.

கல்பனா மேடத்துக்குக் கோபம் வந்தது. முட்டாள்களா, சோறில்லாமல் எவளாவது கபடி ஆடுவாளா என்று எழுந்து நின்று ஒரு பாட்டம் தீர்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பேச்சை நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"சத்தம் போடாதீங்கடி" என்றார் தாழ்ந்த குரலில். "உங்களுக்காக நானும் ஒருபொழுதுதான்."

வெங்கடம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. மேடமே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஆனால் சிரித்து முடித்த பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தேன்மொழி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரத்னம்மா கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரைக் கேட்டு வேண்டிக்கொண்டாய் என்று முதலில் எரிந்து விழுந்தாள். பிறகு மகளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது. அவளுடைய கோபம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது.

"எனக்கும் கம்பெனியில கண்ணு இருட்டிக்கினு வரும் தேனு" என்றாள். "சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கினு கம்முனு கீறேன். நீயும் என்ன மாதிரியே ஆவணுமா?"

அம்மா இப்படிப் பேசித் தேன்மொழி கேட்டதில்லை. வெங்கடசாமி கடலைச் செடியை உதறிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

வேண்டுதலை முறிக்க முடியாது, அது ரத்னம்மாவுக்கும் தெரியும். ஆனால் தேன்மொழிக்கு வேறொரு கேள்வி இருந்தது. மத்தியானத்திலிருந்து மனசுக்குள் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். தளிகை போட்ட பிறகு சாப்பிடலாம், சரி. ஆனால் தளிகையை ஏன் சாயங்காலம் போடுகிறோம்? அப்படி யார் சொன்னது?

ரத்னம்மா யோசித்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். அவர்களுக்கு அப்போது சொந்த நிலம் கிடையாது. பகலெல்லாம் அடுத்தவன் கழனியில் கூலி வேலை, அது முடிந்து வந்து குளித்து அடுப்பு மூட்டினால்தான் பெருமாளுக்குச் சோறு. அதனால் சாயங்காலம். வேறொரு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க அவளுக்கே சிரிப்பு வந்தது.

"மலையில அவர விடியறதுக்கு முன்னாலயே எழுப்பிடறாங்க" என்றாள். "பாவம், நம்ம ஊருக்கு வந்தாதான் சாயங்காலம் வரைக்கும் பசியோட காத்துக்கினு கீறாரு."

"அப்போ விடிகாலையிலயே போட்டுடலாமா?"

"போடலாம் மே. யாரு கேக்கப்போறா? கேட்டா அவரயே கேக்கச் சொல்லு."

கடலைச் செடிப் பக்கமிருந்து வெங்கடசாமி, வேர்க்கடலை ஒரு மூட்டை நான் கொடுக்கிறேன் என்றார். அதுவரைக்கும் வாயே திறக்காத மனுஷர்.

மறுநாள் இதைக் கேட்ட கல்பனா மேடம் தேன்மொழியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கு அதிலிருந்து இன்னொரு யோசனையும் பிறந்தது. புரட்டாசிச் சனிக்கிழமையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் குளித்து, நெற்றியில் நாமம் போட்டு, நாமம் போட்ட செம்பை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய் "கோவிந்தா" என்று குரல் கொடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் அரிசி போடுவார்கள். அந்த அரிசியைப் பொங்கிப் படைப்பதுதான் தளிகை. செம்பு தூக்குவது எப்போதும் பையன்கள்தான். இந்தத் தடவை டீம் தூக்கட்டும் என்றார் மேடம். அரிசி மட்டுமில்லை, கேழ்வரகு, வேர்க்கடலை, எள், வெல்லம், முருங்கைக்கீரை எல்லாம் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் கையை விரிப்பார்கள், பெருமாளுக்கு என்றால் அள்ளிப் போடுவார்கள். அவர் சொன்னதில் கொஞ்சம் கள்ளத்தனம் இருந்தது. ஆனால் நல்ல கள்ளத்தனம்.

இரண்டாம் சனிக்கிழமை பிராக்டிஸ் கிடையாது. ஏழு பெண்கள் டீம் பனியனைப் போட்டு, நாமத்தை இழுத்து, செம்போடு தெருவில் இறங்கினார்கள். வெங்கடம்மா கேட்காமலே வந்து சேர்ந்துகொண்டாள். அவள் போட்ட "கோவிந்தா"வில் ஊர் நாய்கள் எல்லாம் ஓடிவிட்டன. முதல் வீட்டில் தேன்மொழிக்கு வெட்கத்தில் குரலே வரவில்லை. மூன்றாவது வீட்டில் வந்தது. அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. எதற்கு இத்தனை எள்ளு, எதற்கு இத்தனை கீரை, பெருமாள் என்ன வைத்தியரிடம் போய் வந்தாரா என்று பெண்கள் கேலி செய்துகொண்டே முறம் முறமாகப் போட்டார்கள். மயக்கம் என்று பெயர் வைத்த பையன்களே கூடக் கடைசியில் மூட்டை தூக்க வந்தார்கள். தூக்கவைத்தவள் மோகனப்ரியா. சும்மா விடுவாளா?

திங்கட்கிழமையிலிருந்து ஸ்கூலில் சோறாக்குகிற தனபாக்கியம் அக்கா காலையில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார். வெல்லம் போட்டு ஒரு சொம்பு, கூட ஒரு கை வேர்க்கடலை. பசிக்கவில்லை என்று தேன்மொழி பழக்கத்தில் வாய் திறந்தபோது தனபாக்கியம் அக்கா கரண்டியை ஓங்கினார். "இது பெருமாள் பிச்சை. வோணான்னு சொன்னா அவரு கோச்சிக்குவாரு, நானும் கோச்சிக்குவேன்." இரண்டு பேருடைய கோபத்துக்கும் பயந்து அவள் குடித்தாள். முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் முக்கால், வியாழக்கிழமை சொம்பை வழித்துவிட்டு, அடுத்தவள் சொம்பைப் பார்த்தாள்.

மூன்றாம் சனிக்கிழமை கோழி கூவுவதற்கு முன்னால் ஸ்கூல் கிரவுண்டில் அடுப்பு எரிந்தது. ரத்னம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து புளிச்சோறு கிளறினாள். தனபாக்கியம் அக்கா முருங்கைக்கீரைக் குழம்பு, கல்பனா மேடம் சுண்டல், மோகனப்ரியாவின் அம்மா எள்ளுருண்டை. வாழை இலையில் சோற்றைக் குவித்து, மேலே நாமம் போட்டு, கற்பூரம் ஏற்றியபோது கிழக்கே அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்தது. எல்லாரும் கோவிந்தா சொன்னார்கள். தேன்மொழி கண்ணை மூடி, அதே வேண்டுதலை மறுபடியும் ஒரு தடவை சொன்னாள், ஞாபகப்படுத்துவதில் தப்பில்லையே.

பிறகு தின்றார்கள் பாருங்கள், அதைச் சொல்லி மாளாது. ஹெட்மாஸ்டர் சொன்னபடி வந்து, ஒவ்வொருத்தியாக நிற்கவைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார். பதிலுக்கு வெங்கடம்மா விட்ட ஏப்பத்தில் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வேனைத் தட்டி எல்லாரையும் ஏறச் சொன்னவர், தனபாக்கியம் அக்காவைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் ஒரு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தானும் ஒருபொழுதுதான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவர் தின்ற வேகம்தான் சொன்னது.

திருப்பதி கிரவுண்டில் நின்றால் மலை பக்கத்திலேயே எழுந்து நிற்கும். பழைய சித்தூர் ஜில்லா முழுக்கச் சேர்த்து நடக்கிற போட்டி அது. காலையில் ஆடிய இரண்டு ஆட்டத்திலும் ஆவாரங்குப்பம் ஜெயித்தது. மத்தியானம் என்ன செய்வது, ஒருபொழுதுக்கு ஒரு வேளைதானே என்று மோகனப்ரியா கவலைப்பட்டாள். பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்று வேனில் கூடவே வந்திருந்த ரத்னம்மா தீர்ப்புச் சொல்லி, தூக்குச்சட்டியிலிருந்து சுண்டலும் எள்ளுருண்டையும் எடுத்துக் கொடுத்தாள். கடைசி ஆட்டம் பலமனேர் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஸ்கூலோடு.

அந்த டீமில் பல்லவி என்று ஒரு பெண். ரெய்டு வந்தால் காற்று மாதிரி வந்து போகிறாள். முதல் பாதியில் ஆரம்பத்தில் வந்து நாலு பாயிண்ட் அடித்தாள். ஆனால் பாதி முடிகிற நேரத்தில் அவள் கால் பின்ன ஆரம்பித்தது. இடைவேளையில் அவள் டீமை விட்டுத் தள்ளிப்போய், முழங்காலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் களைப்பு என்று நினைத்தார்கள். தேன்மொழிக்கு அது என்ன என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த உட்காருகிற விதம் தெரியும். அப்போது பூமி எப்படிச் சுற்றும், காதுக்குள் என்ன கேட்கும் என்பதுகூடத் தெரியும். பக்கத்தில் போய்த் தெலுங்கில் கேட்டாள், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று.

"ஒக்கபொத்து" என்றாள் பல்லவி தலையைத் தூக்காமல். ஒருபொழுதுக்குத் தெலுங்கில் அதுதான் பெயர், சனிக்கிழமை பெருமாளுக்கு அங்கேயும் உண்டு.

தேன்மொழி ஓடிவந்து தூக்குச்சட்டியைத் தூக்கினாள். மோகனப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் எழுந்தால் நம்மைக் காலி பண்ணிவிடுவாள், பைத்தியமா உனக்கு என்று பல்லைக் கடித்தாள்.

"பிரசாதம் இல்லன்னு சொல்லக் கூடாது" என்றாள் தேன்மொழி.

"அவ கேக்கவே இல்லியே மே!"

"கேக்கற நிலையில இல்ல. போன வருஷம் நானும் கேக்கல."

மோகனப்ரியா கையை விட்டுவிட்டாள். பிரசாதம், விடியற்காலையில் படைத்தது, வேண்டாம் என்று சொன்னால் சாமிக்கு ஆகாது என்று தேன்மொழி தெலுங்கில் சொல்லவும் பல்லவி மறுபேச்சுப் பேசவில்லை. நாலு எள்ளுருண்டை, இரண்டு கை சுண்டல், ஒரு பாட்டில் தண்ணீர். அம்பயர் வந்து அவள் முகத்தைப் பார்த்து, ஆட முடியுமா என்று கேட்டு, கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுத்தார்.

கால் பின்னி உட்கார்ந்தவள் பிறகு ஆடினாள் பாருங்கள்! மோகனப்ரியா பயந்தபடியே நடந்தது. வந்தாள், தொட்டாள், போனாள். ஒவ்வொரு தடவை அவள் தொட்டுவிட்டுப் போனபோதும் ஐந்து ஜோடிக் கண்கள் தேன்மொழியை முறைத்தன. வெங்கடம்மா மட்டும், எள்ளுருண்டை நல்ல எள்ளுருண்டைதான் போலிருக்கிறது என்று முணுமுணுத்தாள். தேன்மொழியும் விடவில்லை. ரெய்டுக்கு மேல் ரெய்டு போனாள். ஒவ்வொரு தடவை கோட்டைத் தாண்டும்போதும் போன வருஷத்துப் பயம் ஒரு நொடி வயிற்றில் புரளும். ஆனால் வயிற்றில் அதற்கு இடமில்லை, அங்கே புளிச்சோறு இருந்தது. மலை நின்ற இடத்தில் நின்றது, மரம் நின்ற இடத்தில் நின்றது, எதுவும் சாயவில்லை.

கடைசி ரெய்டு பல்லவியுடையது. ஆவாரங்குப்பத்துக்கு ஒரே ஒரு பாயிண்ட் அதிகம். அவள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலே சமம், இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை பலமனேருக்கு. கபடி கபடி என்று பாடிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் காட்டி வலது பக்கம் பாய்ந்தாள். தேன்மொழி குனிந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். பல்லவி அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கி ஊர்ந்தாள். என்ன பலம்! அத்தனையும் எங்கள் ஊர்ச் சுண்டல் என்று தேன்மொழிக்குத் தோன்றி அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பிடியை விடவில்லை. வெங்கடம்மா மேலே விழுந்தாள், அவள்மேல் மோகனப்ரியா, அதற்குமேல் மிச்சம் நாலு பேரும். பல்லவியின் விரல் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் மண்ணைக் கீறியது. அவள் பாட்டு நின்றது. நீளமாக விசில் ஊதியது.

மண் வாயில், எடை முதுகில், எல்லாருக்கும் அடியில் தேன்மொழி கிடந்தாள். மேலே ஒரே கத்தல். அந்தக் கத்தலுக்கு நடுவில் அம்மாவின் குரல் கேட்டது. என் பொண்ணு விழுந்துட்டா, தள்ளுங்க, என் பொண்ணு விழுந்துட்டா என்று அலறிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, பழக்கத்தில் டீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ரத்னம்மா கோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். ஒவ்வொருத்தியாகப் பிடித்து இழுத்துப்போட்டு, கீழே குனிந்து பார்த்தாள்.

தேன்மொழியின் கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. அம்மாவுக்குப் பின்னால் மலை தெரிந்தது.

"மயங்கலம்மா" என்றாள் மண்ணைத் துப்பிக்கொண்டு. "கெலிச்சிட்டோம்."

ரத்னம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தாள். ஃபிளாஸ்க்கைத் திறக்கப் போனாள்.

"டீ வோணாம்மா" என்றாள் தேன்மொழி. "பசிக்குது."

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! ரத்னம்மா ஃபிளாஸ்க்கைத் தூர வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, ஆட்டக் களத்தின் நடுவிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், தூக்குச்சட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். அது வந்து மூடியைத் திறந்தபோது தேன்மொழி கையை நீட்டினாள். தேன்மொழியின் மற்றொரு கைப் பிடியில் இன்னும் கணுக்கால் சிக்கியிருந்த பல்லவி, படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கி, "நாக்கு கூடா" என்று தனக்கும் கேட்டுக் கையை நீட்டினாள்.